மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள்: முழுதாகக் குணமாகிவிட்டேன் என்று எப்படி அறிவது?

கேள்வி: உரைகல்

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருக்கிறேன். வயது முப்பத்து நான்கு. சில மாதங்களாக மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருத்துவம் பார்த்துவருகிறேன்.

தொடக்கத்தில் இதை இதய நோய் என்றே நினைத்தேன். நகையை உரசிப் பார்த்து, எடைபோட்டு, பையிலிட்டு முத்திரை வைத்தபின்னும் எடையைத் தவறாகக் குறித்துவிட்டோமோ என்ற ஐயம் எழும். பையைத் திறந்து மறுபடி தராசில் வைக்கப்போனால் விரல் நடுக்கத்தில் தராசின் எண்கள் நிலைகொள்ளாமல் ஓடும். நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்து, வாடிக்கையாளர் எதிரே காத்திருக்கும்போதே எழுந்து வெளியே வந்துவிட்ட நாள்கள் உண்டு. இரவில் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். விடியும்வரை செத்துப்போன தந்தையின் கடனில் தொடங்கி நாளைய வேலைவரை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, இரத்தச் சோதனை எதிலும் குறையில்லை என்று கண்ட பொது மருத்துவர்தான் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரையைத் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன். முதல் சில வாரங்கள் மட்டும் இரவில் பதற்றத்தைத் தணிக்கும் குளோனசிபாம் மாத்திரையும் இருந்தது. அதை மருத்துவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். இப்போது உறக்கம் வருகிறது, பசிக்கிறது, படபடப்பு எப்போதாவதுதான் வருகிறது. ஆனால் எதிலும் பிடிப்பு இல்லை. பல ஆண்டுகளாக மாலையில் பூப்பந்து ஆடியவன் நான்; நண்பர்கள் கூப்பிட்டாலும் மட்டையைக் கையில் எடுக்க மனம் வருவதில்லை. வங்கியில் என்னைக் கவுன்ட்டரிலிருந்து எடுத்துப் பதிவேட்டு வேலையில் வைத்திருக்கிறார்கள், மறுபடி எப்போது மதிப்பீட்டுக்கு வருவீர்கள் என்று மேலாளர் கேட்கிறார்.

இதற்கிடையே அம்மா, "நன்றாகத்தானே இருக்கிறாய், இன்னும் எதற்கு அந்த மாத்திரை?" என்று தினமும் கேட்கிறார். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் மாத்திரை அட்டை பட்டுவிடுமோ என்பது அவருடைய கவலை. இப்போது நிறுத்தலாமா? முழுதாகக் குணமாகிவிட்டது என்பதை எதை வைத்து அறிவது? பழைய ஈடுபாடு தானாக வரும்வரை காத்திருப்பது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: பொருநைவாசி

மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தையும் சொன்னால்தான் உங்கள் அம்மாவிடம் நீங்கள் பேச முடியும்.

எனக்கு இது இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டாம் முறை மருத்துவத்தில் இருந்தபோதுதான் 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வந்து ஸ்ரீவைகுண்டம் பகுதி முழுவதும் தனித்துப்போயிற்று. கையிருப்பில் இருந்த மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்துக் கடைக்குள்ளும் தண்ணீர். ஓரிரு நாளில் தலை கிறுகிறுத்தது. கண்ணை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஓர் உதறல், காரணமில்லாத எரிச்சல், தூங்கினால் விநோதமான கனவுகள். நோய் திரும்பிவிட்டது என்று வீட்டில் அழுதுவிட்டார்கள். தொலைபேசி இணைப்பு கிடைத்ததும் மருத்துவரிடம் கேட்டேன். இது நோய் அல்ல, மருந்து சட்டென்று நின்றதற்கு உடல் காட்டும் எதிர்வினை என்று அவர் விளக்கினார். மாத்திரை கிடைத்து மறுபடி எடுத்துக்கொண்டதும் விரைவிலேயே அடங்கிவிட்டது.

இரண்டையும் பிரித்தறிய அவர் சொன்ன வழி இன்றைக்கும் எனக்குப் பயன்படுகிறது. நிறுத்திய சில நாள்களுக்குள்ளேயே தலைசுற்றல், உதறல், குமட்டல் என்று உடலில் புதிதாக ஏதேனும் வந்தால் அது பெரும்பாலும் நிறுத்தத்தின் விளைவு. நோய் திரும்புவதானால் அது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், ஓசையில்லாமல் வரும். முதலில் உறக்கம் கலையும், பிறகு ஆட்களைத் தவிர்க்கத் தோன்றும், அதன் பிறகுதான் மனம் கனக்கத் தொடங்கும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் மாத்திரையை நிறுத்திய முதல் மாதம் நன்றாக இருப்பதைப் பார்த்து, அது தேவையே இல்லாமல் இருந்தது என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அறிகுறிகள் நீங்கிய பிறகும் 9 முதல் 12 மாதங்கள் மருந்தைத் தொடர்ந்துவிட்டு, அதன் பிறகே குறைந்தது நான்கு வாரங்கள் எடுத்துக்கொண்டு மெதுவாகக் குறைக்க வேண்டும் என்றது. கணக்கு தொடங்குவது மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து அல்ல, அறிகுறிகள் நீங்கிய நாளிலிருந்து என்பதைக் கவனியுங்கள். எனக்குப்போல இரண்டாம் முறை வந்தவர்களுக்கு இன்னும் நீண்ட காலம் சொல்வார்கள்.

பதில்: ஆறாம் எண் அறை

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் உளவியலாளராக இருக்கிறேன். மருந்தைப் பற்றிய முடிவு உங்கள் மருத்துவருடையது. அதைப் பற்றி மேலே எழுதியவர் சரியாகவே எழுதியிருக்கிறார். உங்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன்.

குணமானதை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கருவிகளில் ஒன்று பி.எச்.க்யூ. 9 என்ற வினாத்தாள். கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வமின்மை, உறக்கம், பசி, களைப்பு, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம் முதலியவை எத்தனை நாள் தொல்லை கொடுத்தன என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஐந்துக்குக் கீழே வந்தால் அறிகுறிகள் நீங்கிய நிலை என்று கொள்வது வழக்கம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உறக்கமும் பசியும் சரியாகி, ஆர்வமின்மை மட்டும் தங்கிவிட்டது. இதைப் பாதிக் குணம் என்று சொல்லலாம். உங்கள் வீட்டார் இதைத்தான் முழுக் குணமாக எடுத்துக்கொள்கிறார்கள். நோய் திரும்பும் வாய்ப்போ இந்த மிச்ச அறிகுறிகள் உள்ளவர்களிடம்தான் கூடுதலாக இருக்கிறது. எனவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடாமல், பிடிப்பு வரவில்லை என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். மருந்தின் அளவு போதாமல் இருக்கலாம். இந்த வகை மருந்துகள் சிலருக்கு உணர்ச்சியையே சற்று மழுங்கச் செய்வதும் உண்டு. இரண்டுக்கும் வழி வேறு வேறு என்பதால், நீங்கள் விவரமாகச் சொன்னால்தான் அவரால் பிரித்துப் பார்க்க முடியும்.

காத்திருப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனச்சோர்வில் ஆர்வம் முதலில் வந்து செயல் பின்னால் வருவதில்லை, செயலைத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான் ஆர்வம் வந்து சேர்கிறது. இதை அடிப்படையாகக் கொண்ட பேச்சு மருத்துவம் கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதிக்கப்பட்டது. மனநல மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அதைக் கொடுத்தார்கள்; கடுமையான மனச்சோர்வு உள்ளவர்கள்கூட வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்று 2017இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வெளிவந்தன. நம் ஊரிலேயே செய்து பார்த்த வைத்தியம் என்பதால் நான் இதை எல்லோரிடமும் சொல்வேன்.

செய்யும் முறை இதுதான். ஒரு நோட்டில் காலை எழுந்தது முதல் இரவுவரை மணிவாரியாக என்ன செய்தீர்கள் என்று ஒரு வாரம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு மதிப்பெண்கள் போடுங்கள்: அதில் கிடைத்த மகிழ்ச்சிக்குப் பத்துக்கு எவ்வளவு, செய்து முடித்தோம் என்ற நிறைவுக்குப் பத்துக்கு எவ்வளவு. முதலில் எல்லாம் பூஜ்யமும் ஒன்றுமாகத்தான் இருக்கும்; அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். அடுத்த வாரம் மிகச் சிறிய ஒன்றைக் குறித்த நாளில், குறித்த நேரத்தில் சேருங்கள். பூப்பந்து ஆட வேண்டாம். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போய்க் கால் மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் மட்டையோடு போங்கள். விருப்பம் வந்ததா என்று அன்றன்றைக்குச் சோதித்துக்கொண்டிருக்காதீர்கள், போனதா இல்லையா என்று மட்டும் குறியுங்கள்.

பதற்றத்துக்கு வழி வேறு. படபடப்பு வரும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. மூச்சு வேகமாகி, இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால்தான் விரல்நுனி மரத்து, தலை சுற்றுகிறது. அது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானே இறங்கிவிடும். நீங்கள் எழுந்து வெளியே போகும்போது, வெளியே போனதால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது, அதனால் மறுநாள் அச்சம் இன்னும் சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. எடையைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதும் அந்த வகைதான்: அந்த நேரத்துக்கு ஆறுதல் தந்து, ஐயத்தை வளர்த்துவிடும். கூட்டம் குறைவான நாளில், பழக்கமான வாடிக்கையாளரின் மறு அடகை மட்டும் மதிப்பிட்டுத் தொடங்க முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். ஒருமுறை எடை, ஒருமுறை பதிவு, பிறகு முத்திரை. முத்திரை வைத்தபின் பை திறக்கப்படாது என்பதை முன்கூட்டியே உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். ஐயம் எழத்தான் செய்யும், அதோடேயே அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள்.

இரண்டு விஷயங்களைக் கேட்காமல் விடக்கூடாது. என்றைக்காவது உறக்கமே தேவைப்படாமல், அளவுமீறிய உற்சாகத்தோடு, தாறுமாறாகச் செலவழித்துச் சில நாள்கள் இருந்ததுண்டா? இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தே மாறும். இன்னொன்று, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்ததா, இப்போது இருக்கிறதா? நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் யாருக்கும் புதிதாக முளைத்துவிடாது. பொதுவெளியில் எழுத விருப்பமில்லையென்றால் தனியே சொல்லுங்கள்.

பதில்: நடைபயணி

எனக்கும் மனம் சோர்ந்துதான் இருந்தது. நான் ஒரு மாத்திரையும் எடுக்கவில்லை. விடியற்காலை நடையும் மூச்சுப் பயிற்சியுமே சரிசெய்துவிட்டன. மாத்திரைக்கு அடிமையாகிவிட்டால் பிறகு மீள முடியாது. அவருடைய அம்மா சொல்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

பதில்: ஆறாம் எண் அறை

நடையால் நீங்கள் தேறியதில் எனக்கு வியப்பில்லை. லேசான மனச்சோர்வுக்கு முதலிலேயே மாத்திரை கொடுக்கத் தேவையில்லை என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. இவருடையது அந்த நிலையைத் தாண்டியது. உறக்கம் போய், பசி போய், வேலையிடத்தில் உட்கார முடியாமல் போனவர் மருந்தால் எழுந்து நிற்கிறார். அவரிடம் மருந்தை விட்டுவிடச் சொல்வதற்கு உங்கள் அனுபவம் போதாது. அடிமையாவது குறித்த அச்சம் குளோனசிபாம், அல்பிரசோலம் போன்ற மருந்துகளுக்குப் பொருந்தும். அதனால்தான் இவருடைய மருத்துவர் அதைச் சில வாரங்களில் நிறுத்தியிருக்கிறார். எஸ்சிட்டலோபிராம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அதற்காக ஏங்குவதோ, அளவை ஏற்றிக்கொண்டே போவதோ நிகழ்வதில்லை. சட்டென்று நிறுத்தினால் தொல்லை வரும், அதனால் மெல்லக் குறைக்க வேண்டும், அவ்வளவே.

பதில்: வேப்பமரத்து வீடு

தம்பி, என் கணவர் இதிலிருந்து மீண்டவர். நோயாளிக்கு யோசனை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், வீட்டாருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் உங்கள் அம்மாவுக்காக எழுதுகிறேன்.

என் கணவருக்கு மிக மோசமான நேரம் காலைதான். விழித்ததும் நெஞ்சில் கல்லை வைத்ததுபோல இருக்கிறது என்பார். மாலையில் ஓரளவு பேசுவார். மாலையில் பேசுகிற மனிதர் காலையில் எழுந்திருக்காததை நாங்கள் சோம்பல் என்று எண்ணினோம். இந்த நோயில் காலையில் கனமும் மாலையில் சிறிது தெளிவும் இருப்பது பலருக்கும் உள்ளது என்று பின்னர் மருத்துவர் சொன்னார். "உனக்கென்ன குறை, வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது" என்று என் மாமியார் சொல்லும்போதெல்லாம் அவர் இன்னும் சுருங்கிப்போவார். குறை இல்லாதபோதும் இப்படி இருக்கிறோமே என்ற குற்றவுணர்வு அதோடு சேர்ந்துகொள்ளும். நாள் முழுவதும் "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக, காலையில் அவர் முன்னால் ஒரு தட்டில் அவரைக்காயை வைத்துவிடுவேன். ஒவ்வொரு காயாக எடுத்து இருபுறமும் நார் உரித்து, ஒடித்துப் போட அவருக்கு முதலில் ஒரு மணி நேரம்கூட ஆகும். நான் அவசரப்படுத்த மாட்டேன், பாராட்டவும் மாட்டேன். மதியம் அதே பொரியலைப் பரிமாறுவேன். மேலே உளவியலாளர் எழுதியிருப்பதைப் படித்தபோதுதான் நான் செய்ததற்கும் ஒரு முறை உண்டு என்று தெரிகிறது.

என் மாமியார் குணசீலத்துக்கு நேர்ந்துகொண்டார். போனோம், பெருமாளைச் சேவித்தோம். காலை மாத்திரையைக் கோயிலுக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்து மாமியாரே தன் கையால் என் கணவருக்குக் கொடுத்தார். வேண்டுதலையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்தினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். ஏர்வாடி தர்காவில் அரசே பிரார்த்தனையோடு மருத்துவத்தையும் சேர்த்து வழங்குகிறது. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகு, மருத்துவத்தை விலக்கிவைத்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாத செய்தி அல்ல.

அம்மாவிடம் நீங்கள் தனியாக வாதாட வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மகன் சொன்னால் எடுபடாதது வெள்ளைக் கோட்டு சொன்னால் எடுபடும்; என் மாமியாரிடம் அப்படித்தான் நடந்தது. தங்கையின் வரன் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். உங்கள் மருத்துவ விவரம் உங்களுடையது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. வருகிறவர்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, மாத்திரை அட்டையை அலமாரியில் பூட்டி வைத்தால் போதும். அதற்காக மருந்தையே நிறுத்துவது அநியாயம். அதே சட்டம், உடல் நோய்க்குக் காப்பீடு தரும் அதே அடிப்படையில் மன நோய்க்கும் தர வேண்டும் என்கிறது. உங்கள் காப்பீட்டு ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: உரைகல்

எல்லோருக்கும் நன்றி. ஆறாம் எண் அறை கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன், படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம். அளவுமீறிய உற்சாகம் என்றைக்கும் இருந்ததில்லை. மற்ற எண்ணம் தொடக்கத்தில் இருந்தது. சாக வேண்டும் என்று திட்டமாக அல்ல, காலையில் விழிக்காமலே போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். அதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொன்னேன். இப்போது இல்லை.

மாத்திரையை நிறுத்தப் போவதில்லை. அம்மா மருத்துவரிடம் வரச் சம்மதித்திருக்கிறார், "அவர் என்ன சொல்கிறார் என்று நானும் கேட்கிறேன்" என்ற தொனியில்தான். மறு அடகில் தொடங்குவதற்கு மேலாளர் தடை சொல்லவில்லை. ஒரு சந்தேகம்: முத்திரை வைத்தபின் படபடப்பு அடங்கவே இல்லையென்றால், அன்றைக்கு மட்டும் ஒரு குளோனசிபாம் எடுத்துக்கொள்ளலாமா? பழைய அட்டையில் சில மீதம் இருக்கின்றன.

பதில்: ஆறாம் எண் அறை

வேண்டாம். மருத்துவர் நிறுத்திய மருந்தை அவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது என்பது ஒரு காரணம். மாத்திரையோடு கவுன்ட்டரில் உட்கார்ந்தால் தைரியத்தை மாத்திரையின் கணக்கில் எழுதிவிடுவீர்கள், பயிற்சி வீணாகும் என்பது இன்னொரு காரணம். மீதியிருப்பதை அம்மாவோடு போகும்போது மருத்துவரிடமே காட்டி, என்ன செய்வதென்று கேளுங்கள். படபடப்பு வந்தால் மூச்சை வெளியே விடுவதை மட்டும் நீட்டி, நாற்காலியிலேயே இருங்கள்.

அந்தப் பழைய எண்ணம் மறுபடி தலைகாட்டினால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். 14416 என்பது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அம்மாவின் தொலைபேசியிலும் அந்த எண்ணைப் பதிந்துவையுங்கள். அந்த எண்ணம் வலுத்து, தனியாக இருக்கவே பயமாகிவிட்டால், தொலைபேசியோடு நில்லாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். செலவு கடினமானால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல வெளிநோயாளர் பிரிவில் இதே மருந்து இலவசமாகக் கிடைக்கும். பழைய மருந்துச் சீட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.